வாட்ச் சொல்லும் விடியலும் மலை காட்டும் விடியலும்

(பல்லேகமவில் தோட்டக் குடும்பங்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பேசியது. பேசியபடியே, கொஞ்சம் திருத்தி இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு நாங்கள் பேச எடுத்திருப்பது ஒரு சின்னப் பொருள். கையில் கட்டுகிற டிஜிட்டல் வாட்ச். "இதுக்கு ஒரு கூட்டமா?" என்று பின்னாலிருந்து யாரோ சொல்வது காதில் விழுகிறது. பரவாயில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் கை தூக்குங்கள். இங்கே எத்தனை பேர் கையில் வாட்ச் இருக்கிறது? நல்லது. அதில் எத்தனை பேருக்கு அலாரம் வைக்கத் தெரியும்? பாருங்கள், பாதிக் கை கீழே இறங்கிவிட்டது. அதனால்தான் இந்தக் கூட்டம்.

நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் லயத்துக்கு நேரம் சொன்னது தப்பு. இருட்டோடு தப்புச் சத்தம் கேட்டால் எழும்ப வேண்டும், பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். பிறகு ஸ்டோர்ச் சங்கு வந்தது. தப்பு அடித்தவருக்கு நேரம் சொன்னது தொரை பங்களாவில் இருந்த கடிகாரம். லயத்தில் இருந்தவர்களுக்கு "நேரமாச்சு" என்று தெரியும், என்ன நேரம் என்று தெரியாது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 'பாகான் டைம்', அதாவது தோட்ட நேரம் என்று ஒன்று உண்டு. இந்திய நேரத்தை விட அது ஒரு மணித்தியாலம் முன்னால் ஓடும். அங்கே சூரியன் வெள்ளனவே வந்துவிடும், வெளிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று வெள்ளைக்காரத் தொரைமார் வைத்த ஏற்பாடு. தோட்டத்துக்குள் ஒரு நேரம், வாசலைத் தாண்டினால் இன்னொரு நேரம். எதற்குச் சொல்கிறோம் என்றால், தோட்டத்தில் நேரம் என்பது எப்போதும் இன்னொருவர் கையில்தான் இருந்திருக்கிறது. இப்போது அது நம்ம மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் நாம் அதில் மணி மட்டும்தான் பார்க்கிறோம்.

"கையில் போன் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. மழையில், இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கிறபோது போனை வெளியே எடுப்பீர்களா? சார்ஜ் இல்லாவிட்டால் அது வெறும் கண்ணாடித் துண்டு. வாட்ச் அப்படி இல்லை. நம்ம பக்கம் அதிகம் கட்டுகிற கேசியோ எஃப்-91டபிள்யூ இருக்கிறதே, 1989இல் வந்தது, அதன் பற்றரி ஏழு வருஷம் வரை நிற்கும் என்று கம்பெனியே கணக்குச் சொல்கிறது.

முதலில் அலாரம். இந்த மாதிரி வாட்சில் இடது பக்கம் கீழே இருக்கும் பொத்தானை ஒரு தரம் அமத்தினால் அலாரம் பக்கம் வரும். இடது பக்கம் மேலே இருக்கும் பொத்தானை அமத்தினால் மணி மினுங்கும். வலது பொத்தானை அமத்தி அமத்தி மணியைக் கூட்டுங்கள். மறுபடி இடது மேல் பொத்தான், இப்போது நிமிஷம் மினுங்கும். அதையும் வலது பொத்தானால் மாற்றி, இடது மேல் பொத்தானை இன்னொரு தரம் அமத்தினால் வேலை முடிந்தது. ஆனால் அலாரம் அடிக்கும் என்று அப்போதே நம்பிவிடாதீர்கள். வலது பொத்தானை அமத்தி, அலாரக் குறி திரையில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மணிக்கொரு தரம் 'பீப்' என்று கத்துகிற குறியும் பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேறு மாதிரி வாட்சில் பொத்தான் இடம் மாறலாம், வழி ஏறக்குறைய இதுதான்.

இதில் நாங்களே ஏமாந்த கதை ஒன்று உண்டு. எங்களோடு வேலை செய்கிற ஒருவர், மகளுடைய சாதாரண தரப் பரீட்சை நாளுக்கு நாலரைக்கு அலாரம் வைத்தார். பிள்ளை இரவு பதினொரு மணி வரை படித்துவிட்டு அதை நம்பித் தூங்கியது. காலையில் அலாரம் அடிக்கவில்லை. அது வைக்கப்பட்டிருந்தது பின்னேரம் நாலரைக்கு! திரை மூலையில் சின்னதாக 'பி.எம்.' என்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது. கடன் வாங்கி த்ரீவீலர் பிடித்து, கேள்வித்தாள் கொடுத்த பிறகுதான் பிள்ளை உள்ளே போனது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து பையை வைத்தபோது அந்த அலாரம் அடித்ததாம். அவர் அதைச் சொல்லும்போது சிரிப்பார், ஆனால் முகம் சிரிக்காது.

இதற்கு ஒரே வழி, வாட்சை 24 மணி முறைக்கு மாற்றுவது. மணி தெரிகிற பக்கத்தில் வலது பொத்தானை ஒரு தரம் அமத்தினால் மாறிவிடும். பிறகு காலை நாலரை 4:30, பின்னேரம் நாலரை 16:30. பஸ்காரரும் ஆஸ்பத்திரியும் இப்படித்தான் எழுதுகிறார்கள், இரண்டு நாளில் பழகிவிடும். இன்னொன்று, இந்த அலாரம் 20 செக்கன்தான் அடிக்கும். பகலெல்லாம் மலை ஏறி இறங்கிய உடம்புக்கு அது காணாது. வாட்சைக் கழற்றி ஒரு வெறும் சில்வர் டம்ளருக்குள் போட்டுத் தலைமாட்டில் வையுங்கள். சத்தம் பல மடங்காகக் கேட்கும். பக்கத்துக் காம்பராக்காரர் சண்டைக்கு வந்தால் எங்கள் பெயரைச் சொல்லாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய வாட்ச் என்றால் முதலில் நேரத்தைச் சரிபாருங்கள். டுபாய் நம்மை விட ஒன்றரை மணித்தியாலம் பின்னால், குவைத்தும் சவூதியும் இரண்டரை மணித்தியாலம் பின்னால். அந்த ஊர் நேரத்தோடு வாட்ச் வந்தால் அலாரமும் அந்த ஊருக்குத்தான் அடிக்கும்.

அடுத்தது நேரம் அளக்கிற வேலை. அதில் இரண்டு உண்டு. நிறுத்துக் கடிகாரம் பூச்சியத்திலிருந்து ஏறும். டைமர் நாம் கொடுத்த நேரத்திலிருந்து இறங்கி, முடிந்ததும் கத்தும். நாம் சொன்ன கேசியோவில் ஏறுவது மட்டும்தான் உண்டு, டைமர் கிடையாது. அது பரவாயில்லை. தாய்மாருக்கு நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது ஏறுகிற கணக்கில்தான் இருக்கிறது.

பிள்ளைக்கு இருமல். நெஞ்சு வேகமாக ஏறி இறங்குகிறது. இது வெறும் தடிமனா, நிமோனியாவா? உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வாட்சைப் பார்த்து முழுதாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு எடுக்க வேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குவது வேண்டாம், சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே குழி விழுந்தால், பிள்ளை குடிக்காமல் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், கணக்கை விட்டுவிட்டு உடனே தூக்குங்கள். "மூச்சு வாங்குது டொக்டர்" என்பதை விட "நிமிஷத்துக்கு 56 டொக்டர்" என்று சொல்லிப் பாருங்கள். ஆம்புலன்சுக்கோ லொறிக்கோ கேட்கிறபோதும் அந்த எண் உங்களுக்காகப் பேசும்.

மலையில் நிற்பவர்களுக்கு இடி மின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் கறுத்துக்கொண்டு வருவது உங்களுக்குத் தெரியும். மின்னல் தெரிந்ததும் நிறுத்துக் கடிகாரத்தை ஓட விடுங்கள், இடி கேட்டதும் நிறுத்துங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். 30 செக்கனுக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. கூடையைப் பார்க்காமல் கட்டடத்துக்குள் போக வேண்டும், மரத்தடிக்கு இல்லை. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிந்த பிறகுதான் வெளியே வரலாம். "இன்னும் நாலு கிலோதான், எடுத்துட்டு வாறேன்" என்று நிற்பவர்களையும் நிற்கச் சொல்பவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த நாலு கிலோவுக்கு ஒரு உயிரைக் கொடுக்க முடியாது என்று கங்காணிமாருக்கும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறோம்.

அடுப்படியில் பிள்ளைக்குச் சுட்டுவிட்டால் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம். பற்பசை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது 20 நிமிஷம் என்பது மகா நீளம், ஐந்து நிமிஷத்திலேயே போதும் என்று தோன்றும். வாட்சைப் பாருங்கள். அதேபோல கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலமாவது விட வேண்டும். உலகத்துக்கே தேயிலை கொடுக்கிற நமக்குத்தான் இது கஷ்டம், தெரியும்.

இனி சூரிய உதயம். விலை கூடின சில வாட்சுகளிலும் போன்களிலும் 'இன்று சூரியன் உதிக்கும் நேரம்' என்று ஒன்று காட்டும். போன வருஷம் ஒரு தம்பி அப்படி ஒரு வாட்சோடு வந்து, "இது பொய் சொல்லுது, ஆறே காலுக்கு உதயம்னு காட்டுது, எங்க லயத்துக்கு ஏழு மணி வரைக்கும் வெயில் வரல்ல" என்றார். வாட்ச் பொய் சொல்லவில்லை. அதற்கு மலை தெரியாது, அவ்வளவுதான். அதன் கணக்கு கடற்கரை மாதிரி மட்டமான தரைக்கான கணக்கு.

நம்ம பகுதிக்கு நடுவில் நக்கிள்ஸ் மலைத்தொடர் படுத்திருக்கிறது. றத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கிழக்கே மலை. ஆகவே அங்கே சூரியன் பிந்தித்தான் தலைகாட்டும். இங்கே பல்லேகமப் பக்கம் கிழக்கு கொஞ்சம் திறந்திருக்கிறது, வெயில் முந்தி வரும். பின்னேரம் அந்த மலைக்குப் பின்னால் முந்தியே போயும் விடும். எவ்வளவு பிந்தும் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கையை நேராக நீட்டி, முட்டியை மடக்கி, மட்டமான இடத்திலிருந்து மலை உச்சி வரை எத்தனை முட்டி என்று பாருங்கள். ஒரு முட்டி ஏறக்குறைய பத்துப் பாகை. நம்ம நாட்டில் சூரியன் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறுவதால் ஒரு பாகைக்கு நாலு நிமிஷம், ஒரு முட்டிக்கு 40 நிமிஷம். அந்தத் தம்பியின் லயத்துக்கு முன்னால் ஒரு முட்டிக்கும் கொஞ்சம் மேலே மலை. கணக்கு சரி.

ஆனால் வெயில் வேறு, வெளிச்சம் வேறு. வாட்ச் காட்டுகிற உதயத்துக்கு 20 நிமிஷம் முன்னாலேயே, வானம் தெளிவாக இருந்தால், பாதையில் கால் வைக்கிற இடம் தெரியும். பிள்ளைகளைக் குறுக்குப் பாதையில் தனியே அனுப்புவதற்கு அந்த நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். பன்றியும் பாம்பும் நடமாடுகிற இருட்டு அதற்கு முந்தினது.

இந்த வாட்சில் இடத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்: வடக்கு 7.5 பாகை, கிழக்கு 80.8 பாகை, நேரம் 5:30 கூட. இடம் கேட்காமல் ஊர்ப் பெயர் மட்டும் கேட்கிற வாட்சில், மணி ஒன்றுதானே என்று டெல்லியை வைத்துவிடுவார்கள். மணி சரியாக இருக்கும், உதயம் டெல்லியின் உதயமாக இருக்கும். மார்கழியில் ஒரு மணித்தியாலம் வரை பிழை வரும்.

5:30 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1996இல் மழை இல்லாமல் நீர்த்தேக்கங்கள் வற்றி, கரண்ட் வெட்டு நீண்டபோது, மே 25ஆம் திகதி அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலம் திரும்பி வந்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே நின்றது. அந்தப் பத்து வருஷத் தை மாதங்களில் உதயம் ஏழு மணியை ஒட்டி. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போனார்கள். "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்காமல் ஒரு நல்ல காரியத்துக்கும் நேரம் குறிக்க முடியவில்லை. அப்போது ஒரு பாட்டி எங்களிடம் கேட்டார்: "தொரமாரு மணிய மாத்திட்டாங்க, சரி. எங்க சேவலுக்கு யாரு சொல்றது?"

வருஷத்துக்குள்ளும் உதயம் நகரும். பல்லேகமக்குக் கணக்குப் போட்டால் மே கடைசியில் சுமார் 5:48, நவம்பர் தொடக்கத்தில் 5:55, டிசம்பர் 21இல் 6:14. அதற்குப் பிறகு பகல் நீளத் தொடங்கினாலும் உதயம் இன்னும் பிந்திக்கொண்டே போகும். ஜனவரி கடைசியில்தான் ஆகப் பிந்தி, 6:26. மே மாதத்துக்கு வைத்த அலாரத்தைத் தை மாதத்தில் மாற்றாவிட்டால் கிட்டத்தட்ட நாற்பது நிமிஷம் கூடின இருட்டில் பாதையில் இறங்குவீர்கள்.

தைப்பொங்கல் அன்று இங்கே கணக்கு உதயம் 6:24. பானை பொங்குகிற நேரமும் சூரியன் வருகிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம் இல்லையா? இந்த வருஷம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் லயத்து முற்றத்தில் முதல் வெயில் எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு விழுகிறது என்று வாட்சைப் பார்த்துக் குறித்து, பிள்ளைக்காம்பராச் சுவரில் எழுதிவிடுங்கள். அடுத்த வருஷம் அடுப்பு மூட்ட அந்த எண் போதும். எங்களுக்கும் ஒரு துண்டில் எழுதி அனுப்பினால், எந்த லயத்துக்கு எப்போது வெயில் வருகிறது என்று இந்த இதழிலேயே போடுகிறோம்.