எண்ணெய் வர்ண ஓவியனும் அவன் பணியும்



இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டிலே விடியற்காலையில் நின்றவர்கள் அறிவார்கள். நீர்ப்பரப்பு முதலிற் சாம்பல் நிறமாய்க் கிடக்கும், பின்பு இளஞ்சிவப்பாகும், சிறிது நேரத்தில் அச்சிவப்பும் மறைந்து, வெள்ளித் தகடு போற் கண்ணைக் கூச வைக்கும். வழிப்போக்கனுக்கு இது ஒரு காட்சி. ஓவியனுக்கோ மூன்று காட்சிகள். இவற்றுள் எதனைத் தீட்டுவது என்ற கேள்வியோடுதான் எண்ணெய் வர்ண ஓவியனுடைய நாள் தொடங்குகின்றது.

முற்காலத்தில் வர்ணப்பொடியை எண்ணெயிற் குழைத்துப் பன்றியின் சிறுநீர்ப்பையிலே கட்டி வைப்பார்கள். அதனைத் தூர இடங்களுக்குக் கொண்டு செல்லுதல் தொல்லையான காரியம். 1841 ஆம் ஆண்டில் ஜோன் கொஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் தகரக் குழாயிலே வர்ணத்தை அடைக்கும் முறையைக் கண்டார். அதன்பின் வயலோரத்திலும் கடற்கரையிலும் இருந்தே எண்ணெய் வர்ணந் தீட்டுதல் எளிதாயிற்று. பிரான்சிய ஓவியர் குளோட் மோனே, 1890 ஆம் ஆண்டளவில், வைக்கோற் போர்களை வரைந்தபோது பல கித்தான்களை உடன் வைத்துக்கொண்டார். ஒளி மாறியதும் கித்தானையும் மாற்றினார். ஒரே கித்தானில் இரண்டு வேளைகளின் ஒளியைக் கலந்தால், நிழல் ஒரு பக்கமும் வெயில் வேறொரு பக்கமுமாகப் படம் பொய் சொல்லும் அல்லவா?

வன்னியில் வெளியே இருந்து வரைபவனுக்குக் காலையிலும் மாலையிலும் சில மணி நேரமே வாய்ப்பு. உச்சி வெயிலில் நிழல்கள் சுருங்கிவிடும், கண்ணும் சோர்ந்துவிடும். ஈர வர்ணத்திற் புழுதி படியும், பூச்சிகள் ஒட்டும். காட்டின் பச்சையும் ஒரு பச்சையன்று. பாலையின் பச்சை வேறு, முதிரையின் பச்சை வேறு, மாரி மழைக்குப்பின் தளிர்க்கும் புல்லின் பச்சை வேறு. அவன் சிறிய கித்தானிலே நிறங்களின் உறவை மட்டும் விரைந்து குறித்துக்கொண்டு வீடு திரும்புகின்றான்.

எஞ்சிய வேலை ஓவியக்கூடத்திலே நடைபெறுகின்றது. ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் ஆற்றங்கரையிலே சிறு வர்ணக் குறிப்புகளைத் தீட்டி வந்து, ஆறடி அகலப் பெரும்படங்களை லண்டனிலிருந்த கூடத்தில் முடித்தார். கூடத்திற்கு வடக்குச் சாளரம் வேண்டுமென்பது ஐரோப்பிய மரபு. அங்கே அவ்வழியாக நேர் வெயில் பெரும்பாலும் நுழையாது. அம்மரபை நாம் அப்படியே கைக்கொள்ளல் ஆகாது. சித்திரை முதல் ஆவணி நடுப்பகுதி வரை வன்னியில் நண்பகற் சூரியன் உச்சிக்கு வடபால் நிற்கின்றான். ஆகவே வடக்குச் சாளரத்திற்கும் நீண்ட தாழ்வாரமோ மெல்லிய வெண்டுணித் திரையோ வேண்டும்.

எண்ணெய் வர்ணம் நீர் வர்ணம் போல ஆவியாகிக் காய்வதன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று மெல்ல இறுகுகின்றது. அதனால் அடிப்படைகளில் எண்ணெய் குறைவாகவும் மேற்படைகளில் கூடுதலாகவும் இருத்தல் வேண்டும். முறை தவறினால் மேற்படை முன்னே இறுகி, அடிப்படை பின்னே அசைய, படம் வெடிக்கும். இறுதி மெருகெண்ணெய் பூசுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்திருத்தலே மரபு. பொறுமையில்லாதவனுக்கு இக்கலை கைகூடாது.

இத்தனை பொறுமைக்கும் அடிப்படை என்ன? இருந்த இடத்தில் இருக்கும் நிம்மதியே. குருநகரில் 1933 ஆம் ஆண்டிற் பிறந்த ஓவியர் மாற்கு, கொழும்பிலே டேவிட் பெயின்ரரிடம் பயின்று, யாழ்ப்பாணத்திற் பல மாணவர்களுக்கு ஓவியம் கற்பித்தவர். 1995 ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்விலே அவருடைய படைப்புகளிற் பெரும்பகுதி அழிந்தது. 2000 ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவரைப் பற்றி 1987 ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘தேடலும் படைப்புலகமும்’ என்ற நூல் இன்று இரட்டிப்பு மதிப்புப் பெறுகின்றது.

ஊரை விட்டு ஓடும் மனிதன் அரிசியை எடுப்பான், பிள்ளையைத் தூக்குவான். காயாத கித்தானை எப்படிச் சுருட்டுவான்? காய்ந்ததாயினும், வர்ணப் பக்கம் வெளியே இருக்குமாறு பருத்த உருளையிலே சுற்றினாலன்றி அது சிதையும். துப்பாக்கிச் சத்தத்தின் நடுவே அதற்கு நேரம் ஏது?

எனவே, ஓர் ஓவியத்தைக் காப்பது ஓவியன் ஒருவனுடைய பொறுப்பன்று. ஊரிலே எவருடைய வீட்டிலாவது பழைய படமொன்று இருந்தால், அதனைச் சமையற் புகையும் சுவரின் ஈரமும் அணுகாத இடத்தில் மாட்டுங்கள். நல்ல ஒளியில் ஒரு நிழற்படம் எடுத்து, வரைந்தவர் பெயரையும் ஆண்டையும் எழுதி, வேறோர் இடத்தில் வையுங்கள். ஒரு காலைப்பொழுதின் ஒளியைப் பிடிக்க ஓவியன் மாதக்கணக்கில் உழைத்தான். அதனைக் காக்க ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவது நமக்குப் பெரிய காரியமன்று.