நிறுத்தத் தெரிந்த உயிரணு

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற மாதம் நம் காலனியைச் சேர்ந்த தாயார் ஒருவர் விளம்பரத் தாளொன்றைக் கொணர்ந்து காட்டினார். ஸ்டெம் செல் ஊசி போட்டால் சர்க்கரை நோய் அடியோடு நீங்கும், இன்ஸுலினை விட்டுவிடலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. அவருடைய குழந்தைக்கு நாள்தோறும் நான்கு வேளை ஊசி. "நகையை விற்றாவது போட்டுவிடலாமா, சார்?" என்று கேட்டார். அன்று அரைகுறையாகச் சொன்ன விடையை இன்று சற்று விரித்துச் சொல்கிறேன்.

இளமையில் வரும் இவ்வகை நீரிழிவில், இன்ஸுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுக்களை உடலின் காவற்படையே பகையென்று கருதி அழித்துவிடுகிறது. 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்ஸுலின் ஊசி போட்டார்கள். அதற்குமுன் இந்நோய் கண்ட குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. ஆனால் ஊசி, அழிந்த உயிரணுவை மீட்டுத் தாராது. ஆகவேதான், எவ்வகை உயிரணுவாகவும் மாறவல்ல ஸ்டெம் செல்லைப் பீட்டா உயிரணுவாக வளர்க்க அறிஞர்கள் முயன்றார்கள்.

நம் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். ரிக்கார்டு அறையில் எல்லா வரைபடங்களும் உண்டு. வேண்டியதற்கு மட்டும் நகலெடுத்துப் பட்டறைக்கு அனுப்புகிறோம். டி.என்.ஏ. அந்த அறை, தூது ஆர்.என்.ஏ. அந்த நகல். நகல் சேர்ந்தால் புரதம் உருவாகும். 1993-இல் விக்டர் ஆம்ப்ராஸ், கேரி ரவ்கன் இருவரும், ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் ஒரு புதுமையைக் கண்டனர். சுமார் 22 எழுத்துக்களே கொண்ட துணுக்கு ஆர்.என்.ஏ. ஒன்று நகலின்மேல் ஒட்டிக்கொண்டு, வேலையை நிறுத்திவைக்கிறது! இதுவே மைக்ரோ ஆர்.என்.ஏ. புழுவின் தனிவழக்கம் என்றே பலரும் எண்ணினர். மனிதரிடமும் உண்டென்பது பின்னர்த் தெளிந்தது. 2024-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

2004-இல் கணையத்தில் 375 என்னும் எண்ணுடைய மைக்ரோ ஆர்.என்.ஏ. தென்பட்டது. அதை மிகுத்தபோது இன்ஸுலின் சுரப்புக் குறைந்தது. அப்படியானால் அது வேண்டாத பொருள் என்றுதானே தோன்றும்? 2009-இல், அது அறவே இல்லாத சுண்டெலிகளில் பீட்டா உயிரணுக்கள் அருகி, இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. கூடினாலும் கேடு, இல்லாவிடினும் கேடு!

ஸ்டெம் செல்லைப் பழக்குவது பல வாரப் பணி. கருவில் கணையம் உருவாகும் படிகளை ஒவ்வொன்றாகக் கடத்தவேண்டும். படிக்குப் படி மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு ஏறி இறங்குகிறது. 375-ஐ மிகுத்தே மனித ஸ்டெம் செல்களை இன்ஸுலின் பக்கம் திருப்பலாம் என்று 2014-இல் ஈரானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். எனக்கு ஓர் ஐயம் உண்டு. இன்ஸுலின் செய்வது வேறு. சர்க்கரை இறங்கியதும் சுரப்பை நிறுத்துவது வேறு. நிறுத்தத் தெரியாத உயிரணு குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்திவிடும். இம்முறை இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

மெய்யான முன்னேற்றமும் இல்லாமலில்லை. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த உயிரணுக்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பின் இன்ஸுலின் தேவைப்படவில்லை என்று 2025-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்கள் வயது வந்தோர்; உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை விடாது உட்கொள்பவர்கள்.

விளம்பரத் தாளிலோ, யாருடைய உயிரணு, எவ்வாறு பழக்கியது என்று ஒரு சொல் இல்லை. கட்டணம் மட்டும் இருந்தது. இரத்த நோய்கள் சிலவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை நீங்கலாக, ஸ்டெம் செல் சிகிச்சையை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடத்தலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை.

நகை பெட்டியிலேயே இருக்கட்டும், இன்ஸுலினை ஒரு நாளும் நிறுத்தவேண்டாம் என்று அந்த அம்மையாரிடம் சொன்னேன். அடுத்துக் குழந்தைகளின் நாடகம் காத்திருப்பதால் இத்துடன் அமைகிறேன்.