கைரேகைச் சாட்சியமும் பார்ப்பவர் கண்ணும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

கைநாட்டு நமக்குப் புதிதல்ல. கூலிப் பட்டியலில் வைத்திருக்கிறோம். கடன் பத்திரத்தில் வைத்திருக்கிறோம். நம் பாட்டன் காலத்தில், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே வைத்ததும் உண்டு. அந்த விரல் ரேகை கோர்ட்டு ஏறினால் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

இதன் சரித்திரமே ஒரு ஒப்பந்தத்தில்தான் ஆரம்பமாகிறது. 1858ல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலைச் சரளை கொண்டுவரும் ஒப்பந்தக்காரர் பின்னால் கையெழுத்தை மறுக்கக் கூடாது என்று, அவர் உள்ளங்கையில் மை தடவிப் பத்திரத்தில் பதிய வைத்தார். 1897ல் கல்கத்தாவில் ரேகை நிலையம் ஏற்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்குப் பெரும்பாடுபட்டவர்கள் அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய ஊழியர்கள். முறைக்கு வைத்த பெயரோ, மேலதிகாரி ஹென்றியின் பெயர்! உழைத்தவன் ஒருவன், பெயர் ஒருவனுக்கு. இது நமக்குத் தெரிந்த கதைதானே?

மாட்ரிட் வழக்கு

ஒருவர் ரேகை போல் இன்னொருவர் ரேகை இராது என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் குற்றம் நடந்த இடத்தில் கிடைப்பது பத்திரத்தில் வைத்த முழு ரேகையா? அரைகுறை ரேகை, கலைந்த ரேகை. அதை இன்னொரு ரேகையோடு ஒப்பிட்டு, ‘இரண்டும் ஒன்று’ என்று முடிவு சொல்வது மனிதக் கண்.

2004 மார்ச் 11 அன்று ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரில், காலையில் வேலைக்குப் போகும் ஜனங்கள் நிறைந்த ரயில்களில் குண்டுகள் வெடித்தன. 190க்கு மேற்பட்டோர் மாண்டனர். வெடிமருந்துக் கருவிகள் இருந்த ஒரு பையில் ஒரு ரேகை கிடைத்தது. அமெரிக்கத் துப்பறியும் இலாகாவான எஃப்.பி.ஐ.யின் கம்ப்யூட்டர், ஒத்தாற்போல் உள்ளவர்கள் என்று 20 பேரைக் காட்டியது. அதில் ஒருவர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து வக்கீல்.

முதல் நிபுணர் ‘இவர்தான்’ என்றார். அடுத்து வந்தவர்கள் அவர் முடிவைத் தெரிந்துகொண்டே பார்த்தார்கள், ‘இவர்தான்’ என்றார்கள். கோர்ட்டு நியமித்த நிபுணரும் ஆமாம் என்றார். ஸ்பெயின் போலீசாரோ ஏப்ரல் மாதமே ‘பொருந்தவில்லை’ என்று சொல்லிவிட்டனர். யார் கேட்டது? மே மாதம் அந்த வக்கீலைக் கைது செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து, ரேகை வேறொருவனுடையது என்று ஸ்பெயின் போலீசார் கண்டுபிடித்த பிறகே விட்டார்கள். எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. 2006ல் அரசாங்கம் 20 லட்சம் டாலர் கொடுத்தது.

அவர் முஸ்லிம் என்பது நிபுணர்களுக்குப் பிற்பாடு தெரியவந்தது. தங்கள் முடிவை மறுபரிசீலனை செய்யாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று அரசாங்க விசாரணை அறிக்கையே சொல்லிற்று.

ஆராய்ச்சி என்ன காட்டியது?

இந்த வழக்கை வைத்தே இட்டியல் ட்ரோர் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் தம் சகாக்களோடு ஒரு சோதனை செய்தார். அது 2006ல் வெளிவந்தது. அனுபவம் மிக்க ஐந்து ரேகை நிபுணர்களிடம் தலைக்கு ஒரு ஜோடி ரேகையைக் கொடுத்து, ‘இதுதான் மாட்ரிட் வழக்கில் தவறாகப் பொருத்திய ரேகை, உங்கள் அபிப்பிராயம் என்ன?’ என்று கேட்டார்கள். உண்மையில் அவை மாட்ரிட் ரேகைகளே அல்ல. சில வருஷங்களுக்கு முன் உண்மை வழக்குகளில் அதே நிபுணர்கள் ‘பொருந்துகிறது’ என்று தாங்களே முடிவு சொன்ன ரேகைகள்! இப்போது மூவர் ‘பொருந்தவில்லை’ என்றனர். ஒருவர் ‘சொல்ல முடியாது’ என்றார். ஒரே ஒருவர்தான் பழைய முடிவில் நின்றார். ரேகை மாறவில்லை, காதில் விழுந்த சேதிதான் மாறியது.

டி.என்.ஏ. என்னும் மரபணுச் சோதனையிலும் இதே கதை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு பலாத்கார வழக்கு. வழக்கு விவரம் அறிந்த நிபுணர்கள், ஒரு எதிரியை ‘விலக்க முடியாது’ என்று சொல்லியிருந்தனர். ட்ரோரும் ஹாம்பிகியான் என்ற விஞ்ஞானியும் அதே சோதனை விவரத்தை, வழக்கு இன்னதென்று சொல்லாமல் 17 நிபுணர்களிடம் கொடுத்தார்கள். ‘விலக்க முடியாது’ என்றவர் ஒரே ஒருவர். 12 பேர் ‘இவர் இல்லை’ என்றனர். 4 பேர் ‘முடிவு சொல்ல முடியாது’ என்றனர். இது 2011ல் வெளிவந்தது.

இவர்கள் லஞ்சம் வாங்கினார்களா? இல்லை. நேர்மையானவர்கள்தான். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? ‘அந்தத் தறித் துணி எப்போதும் பழுது’ என்று மேஸ்திரி சொல்லிவிட்டால், துணி பார்க்கிறவர் கண்ணுக்குப் பழுது தெரியாமல் போகுமா?

நாம் என்ன கேட்க வேண்டும்?

ரேகை விஞ்ஞானமே பொய் என்று நாம் சொல்லவில்லை. குற்றவாளியைப் பிடிக்கவும், நிரபராதியை விடுவிக்கவும் அது உதவியிருக்கிறது. நிபுணரும் மனிதர்தான் என்கிறோம். நமது 1872ம் வருஷத்துச் சாட்சியச் சட்டமும், 2024 ஜூலையில் அதனிடத்தில் வந்த புதிய சட்டமும் நிபுணர் சொல்வதை ‘அபிப்பிராயம்’ என்றே குறிப்பிடுகின்றன. அதே சமயம் வந்த குற்ற நடைமுறைச் சட்டம், 7 வருஷமும் அதற்கு மேலும் தண்டனை தரத்தக்க குற்றங்களில் தடயவியல் நிபுணர் ஸ்தலத்துக்கு வரவேண்டும் என்கிறது. இந்தச் சாட்சியம் இனிப் பெருகும். பணக்காரன் எதிர் நிபுணரைக் கொண்டுவருவான். கூலிக்காரன் யாரைக் கொண்டுவருவான்?

ஆகவே நம் வக்கீல் மூலம் இந்தக் கேள்விகளைக் கேட்கச் செய்ய வேண்டும்: ரேகையைப் பார்க்கும் முன் போலீசார் நிபுணரிடம் என்ன சொன்னார்கள்? ஸ்தலத்து ரேகையின் அடையாளங்களை, எதிரியின் ரேகையைப் பார்ப்பதற்கு முன்பே குறித்து வைத்தாரா? இரண்டாவது நிபுணர் முதலாமவர் முடிவை அறியாமல் பார்த்தாரா?

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய செலவில்லை. நிபுணருக்கு வேண்டியதைக் கொடு, வேண்டாததை மறை, அவ்வளவுதான். படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்த காலம் போகட்டும். நம் ரேகையை யார் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்கும் காலம் வரட்டும், தோழர்களே!