ஆட்சி மாற்றமும் சொல்லின் எல்லையும்: மலேசிய எரிசக்திக் கொள்கை



புதிய அரசு அமைந்தவுடன் நாட்டின் எரிசக்திக் கொள்கையில் எதனை மாற்ற இயலும்? இவ்வினாவை மலேசியச் சான்றுகளைக் கொண்டு ஆராய விழைகிறேன். மொழியியல் பயின்றவன் ஆதலால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் மாறுவது அமைச்சின் பெயர். 2009 இல் எரிசக்தி, பசுமைத் தொழில்நுட்பத்தோடும் நீரோடும் ஓர் அமைச்சில் இருந்தது. 2018 இல் ஆட்சி மாறியபின் அறிவியல், பருவநிலை மாற்றம் முதலியவற்றோடு சேர்ந்தது. 2020 இல் இயற்கை வளங்களோடு இணைந்தது. எரிசக்தியை அரசு எந்தக் கண்கொண்டு நோக்குகிறது என்பதை இப்பெயர்களே உணர்த்தும்.

அடுத்து மாறுவது வரையறை. 2025க்குள் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியின் பங்கு 20 விழுக்காடு என்பது 2018 இல் அறிவிக்கப்பட்ட இலக்கு. 100 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்கள் அக்கணக்கில் சேரவில்லை. பின்னர் வந்த அரசு அதே ஆண்டுக்கு 31 விழுக்காடு என்றது. அதில் அவையும் சேர்ந்தன. சரவாக்கின் 2,400 மெகாவாட் பாக்குன் நிலையம் 2011 இலேயே மின்னாக்கத்தைத் தொடங்கிவிட்டது. சொல்லின் எல்லை விரிந்ததும் அது கணக்கினுள் வந்தது. ஆகவே 20ஐயும் 31ஐயும் நேராக ஒப்பிடுதல் பொருந்தாது.

விலையையும் அரசு விரைந்து மாற்றலாம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதற்கு இடப்பட்ட பெயர் ‘இலக்கிடப்பட்ட உதவித்தொகை’. உதவி சிலருக்குத் தொடரும் என்பதைக் கூறும் அத்தொடர், யாருக்கு நின்றுபோகும் என்பதைக் கூறுவதில்லை.

எளிதில் மாறாதவையும் உள. போர்ட்டிக்சன் அருகிலுள்ள 2,000 மெகாவாட் ஜிமா ஈஸ்ட் நிலக்கரி மின்நிலையத்துக்கு ஒப்பந்தம் தந்தது 2018க்கு முந்தைய அரசு. அது இயங்கத் தொடங்கியதோ 2019 இல், புதிய ஆட்சியில். ஒப்பந்தக் காலம் 25 ஆண்டுகள். இடையில் எத்தனை அரசுகள் வரினும் அக்கடப்பாட்டை ஏற்றே கொள்கை வகுக்க வேண்டும்.

எனவே, புதிய இலக்கு ஒன்று அறிவிக்கப்படும்போது அவ்விலக்கில் எவை சேர்ந்துள்ளன, எவை விடப்பட்டன, முந்தைய ஒப்பந்தங்கள் எதுவரை நீள்கின்றன என்று கேட்டல் வேண்டும். நம் தமிழ் ஏடுகள் கலைச்சொல்லை மட்டும் பெயர்த்துத் தராமல், அதன் வரையறையையும் உடன் அச்சிட வேண்டும். தமிழில் மட்டுமே செய்தி படிக்கும் முதியவரும் மின்கட்டணம் செலுத்துகிறார், வாக்கும் அளிக்கிறார். தாம் எதற்கு இசைவளிக்கிறோம் என்பதை அவர் தம் மொழியிலேயே அறிதல் அவரது உரிமை.