வெயிற்காலத்து மோட்டார் சைக்கிள் பிரயாணமும் தற்காப்பு உடையும்

(செங்கற்பட்டு மாவட்டத்து ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் குழுமிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் நாம் வழக்கமாகப் பேசுவது ஏரி மராமத்து, குடிநீர், வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றியே. இன்று தலைக்கவசத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்குக் காரணமானவர் இக்கூட்டத்திலேயே அமர்ந்திருக்கிறார். சென்ற மே முதல் நாள் நடந்த கிராம சபையில் அவர் எழுந்து, “ஐயா, கத்திரி வெயிலில் தலைமேல் ஒரு சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போனால் மூளை வெந்துவிடாதா? இந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் காரில் போகிறவர்கள்தானே?” என்று கேட்டார். சபையோர் நகைத்தனர். நாமும் நகைத்தோம். ஆயினும், தக்க விடை அன்று நம்மிடம் இல்லை. பின்னர்ப் படித்தும், விசாரித்தும், சிலவற்றை நாமே பட்டும் அறிந்ததை இன்று சொல்ல விழைகின்றோம்.

முதலில் ஒரு துயரச் செய்தி. நமது வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்கி வந்த ஊழியர் ஒருவர் முந்தைய கோடையில் விபத்தில் மாண்டார். காலையில் தண்ணீர் திறந்துவிட்டு வீடு திரும்பும் வழியில் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. வண்டி சென்ற வேகம் அதிகமில்லை. கை கால்களில் சிராய்ப்பன்றி வேறு காயமில்லை. தலை மட்டும் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. குடும்பத்தினருக்குரிய உதவி மனுக்களைப் பூர்த்தி செய்விக்க நாம் அவர் இல்லம் சென்றபோது, திண்ணையில் தலைக்கவசம் வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு கீறலும் இல்லை. விபத்து நேர்ந்த சமயம் அது வண்டியின் பக்கக் கண்ணாடியில் மாட்டியிருந்ததாம். “வெயிலென்று கழற்றினார்” என்றார் அவர் மனைவி. மனுவில் எழுத வேண்டிய அடுத்த வினாவை அவரிடம் கேட்க நமக்கு நெடுநேரம் பிடித்தது.

இஃது ஓர் ஊரின் கதையன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது. அவர்களுள் 50,029 பேர் தலைக்கவசம் அணியாத இருசக்கர வாகனத்தினர். அந்த ஐம்பதாயிரவருள் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்களல்லர். பின்னால் அமர்ந்து சென்றவர்கள். நம் ஊர்களில் அவ்வாறு அமர்வோர் பெரும்பாலும் மனைவியரும் தாய்மாரும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தலைக்கவசம் சட்டத்தில் பிறந்ததென்று கருதுவது சரியன்று. அது மருத்துவர் ஒருவரின் கவலையில் பிறந்தது. 1935இல் இங்கிலாந்தில் ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற போர்வீரர், சைக்கிளில் வந்த இரு சிறுவர் மீது மோதாதிருக்கத் தம் மோட்டார் சைக்கிளைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். அவர் தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவருள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர் அதை மறக்கவில்லை. இராணுவத்தில் செய்தி கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்க்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பிற்காலத்தில் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், தலைக்கவசம் விபத்தில் சிக்கியவரின் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 சதவிகிதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவிகிதமும் குறைக்கிறது என்று கண்டனர்.

இனி உறுப்பினரின் வினாவுக்கு வருவோம். மூளை வெந்துவிடுமா?

மாமல்லபுரம் சாலையில் மீன் விற்போர் பனிக்கட்டியை எதில் வைத்து எடுத்துச் செல்கின்றனர்? தெர்மோகோல் பெட்டியில். தலைக்கவசத்தின் ஓட்டுக்கு உட்புறம் இருப்பதும் அதே இனத்தைச் சேர்ந்த பொருள்தான், சற்று அடர்த்தியானது. பெட்டிக்குள் வெயில் புகாதவாறு தடுப்பது போலவே அது தலைக்குள்ளும் வெயிலைப் புகவிடாது. எனவே சூரிய வெப்பம் உள்ளிறங்கி மூளையை வேகவைக்கும் என்பது தவறு. ஆனால் ஓர் உண்மையை நாம் மறைக்கலாகாது. வெளிவெப்பம் உள்ளே வராதது போலவே தலையின் சொந்த வெப்பமும் எளிதில் வெளியேறுவதில்லை. ஆகவே வேர்க்கிறது, புழுங்குகிறது. வண்டி நிற்கும்போது இது மிகுதி, ஓடும்போது குறைவு. ரயில்வே கேட்டில் நிற்கும் ஐந்து நிமிடம் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வதில் தவறேதுமில்லை. புறப்படும்போது மறுபடி அணிந்து வாரை மாட்ட வேண்டும். அவ்வளவே.

புழுக்கத்துக்குப் பரிகாரம் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. நெற்றியிலும் உச்சியிலும் காற்று நுழையும் துளைகளும், பின்புறம் வெளியேறும் துளைகளும் இருத்தல் வேண்டும். கடையில் வாங்கும்போதே உள்மெத்தையை விலக்கிப் பாருங்கள். சில கவசங்களில் வெளியே துளை போன்ற அலங்காரம் இருக்கும். உள்ளே வழி இராது. உள்மெத்தை கழற்றித் துவைக்கக் கூடியதாக இருப்பது நலம். வெண்மை அல்லது வெளிர் நிறம் நன்று. கருமை வெயிலை வாங்கும் என்பது மட்டுமன்று காரணம். நியூசிலாந்தில் நடத்திய ஓர் ஆய்வில், கறுப்புக் கவசம் அணிந்தவரைக் காட்டிலும் வெள்ளைக் கவசம் அணிந்தவர்க்கு விபத்துக் காய அபாயம் 24 சதவிகிதம் குறைவாக இருந்தது. எதிரில் வருபவர் கண்ணுக்கு அது விரைவில் படுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகள் வரும் விரைவை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தலையைச் சுற்றிப் புருவத்துக்குச் சற்று மேலே ஒரு நூலைக் கட்டி அளந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள். கவசத்தை அணிந்து தலையை ஆட்டினால் கன்னத்தின் தோலும் உடன் அசைதல் வேண்டும். கவசம் மட்டும் தனியே ஆடினால் அது பெரிது. வெயிலுக்கென்று தடித்த துண்டைத் தலையிற் கட்டி அதன்மேல் கவசம் அணியும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதனால் பிடிமானம் போய்விடும். மெல்லிய பருத்திக் குல்லாய் போதும்; வேர்வையையும் உறிஞ்சும். தாடை வாரை மாட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னரே தரையில் உருண்டு ஓடிவிடும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவும் வாரால் இறுகப் பிணித்த கவசத்தையே கவசமாகக் கருதுகிறது.

முத்திரையைப் பற்றி ஒரு சொல். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4151 என்னும் எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லாத கவசத்தைத் தயாரிப்பதும் விற்பதும் 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் சாலையோரக் கயிற்றில் தொங்குபவற்றில் பல வெறும் ஓடுகளே. நாமே ஒருமுறை அவ்வாறு ஏமாந்தோம். முத்திரை ஒட்டியிருந்தது, வீட்டில் சிறுவன் கட்டைவிரலால் அழுத்தியபோது ஓடு குழிந்தது! முத்திரையின் கீழ் உள்ள உரிம எண்ணை அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டு உண்மையைச் சரிபார்க்கலாம். இவ்வேலையை ஊரிலுள்ள படித்த பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் கவசமின்மைக்கு அபராதம் ஆயிரம் ரூபாய். ஏறக்குறைய அதே தொகைக்கு முத்திரை பெற்ற நல்ல கவசம் ஒன்று கிடைக்கும்.

இன்னொன்று: ஒருமுறை பலமாக மோதிய கவசம் பிறகு உதவாது. உள்ளிருக்கும் தெர்மோகோல் நசுங்குவதனாலேதான் அடியைத் தாங்குகிறது. நசுங்கியது மீண்டும் எழாது. வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். பெட்ரோல், பெயிண்டு ஆகியவை பட்டாலும் அது கரைந்து கெடும்.

தலைக்கு அடுத்து உடலைப் பார்ப்போம். மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யும் மேலங்கியைப் பட்டணத்தார் ‘ஜாக்கெட்’ என்பர். நம் கிராமத்தில் அச்சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதால் நாம் மேலங்கி என்றே சொல்வோம். தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் திண்டு வைத்துத் தைத்த இதை வெயிற்காலத்தில் அணிவது எங்ஙனம் என்று திகைக்க வேண்டாம். வலைத்துணியாலான மேலங்கிகள் உள்ளன. நம் கடற்கரை மீனவர்க்கு வலையைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டுவதில்லை. நூல் எத்தகையது, முடிச்சு எத்தகையது, கண் எவ்வளவு பெரிது என்பதைக் கொண்டே வலையின் உழைப்பை மதிப்பவர்கள் அவர்கள். இங்கும் அதே கணக்குத்தான். கண் பெரிதானால் காற்று அதிகம். தாரில் உரசும்போது தாங்கும் ஆற்றல் குறைவு. ஆகவே தோள், முழங்கை ஆகிய தரையில் முதலில் படும் இடங்களில் அடர்ந்த துணியும், மார்பிலும் முதுகின் பக்கங்களிலும் வலையும் உள்ளதைத் தேர்வீர்களாக. சாதாரணப் பருத்திச் சட்டை சாலையில் உரசினால் நொடிப்பொழுதும் நிற்காது. மெல்லிய பாலியெஸ்டர் சட்டையோ உராய்வின் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஈண்டு நம் மாவட்டத்துக்கென்று ஒரு விசேஷம் உண்டு. கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கரையோரக் காற்று ஈரம் நிறைந்தது. உடல் குளிர்வதற்கு வேர்வை ஆவியாக வேண்டும்; ஈரக்காற்றில் அது மெல்லவே ஆகும். அங்கே காற்றோட்டம் ஒன்றே துணை. ஆதலின் வலை மேலங்கி அப்பகுதிக்கு ஏற்றது. மேற்கே மதுராந்தகம், செங்கற்பட்டுப் பக்கம் முற்பகலில் வீசும் மேல்காற்று வறண்டது. காற்றின் சூடு உடற்சூட்டை மிஞ்சும் நாளில், திறந்த மேனியில் படும் காற்று குளிர்விப்பதில்லை. அடுப்பனல் போல் சுட்டு, உடம்பின் நீரை வேகமாக வாங்கிவிடும். களத்து மேட்டில் வேலை செய்யும் நம் முதியோர் கோடையில் தலைப்பாகையும் முழுக்கைச் சட்டையும் விடாததன் காரணம் இதுவே. அத்தகைய நாளில் உள்ளே அணியும் பருத்திப் பனியனை நனைத்துப் பிழிந்து அணிந்து, மேலே காற்றுத் துளையுள்ள மேலங்கியைப் போடுங்கள். பனியன் உலரும் வரையில் உடல் குளிர்ந்திருக்கும். கரையோரத்தில் இம்முறை அத்துணைப் பயன் தராது. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்பவர் ஒரே பிரயாணத்தில் இவ்விரு காற்றையும் உணரலாம். எவ்வுடையாயினும் இடையில் நிறுத்தி நீர்மோரோ தண்ணீரோ அருந்துவது இன்றியமையாதது. தலை சுற்றுமாயின் உடனே நிழலில் நிறுத்தல் வேண்டும்.

கையுறையை அற்பமென்று நாமும் ஒருகாலத்தில் எண்ணியிருந்தோம். கடலோரத்து ஊராட்சி ஒன்றில் சாலைப் பணியைப் பார்வையிடச் சென்றபோது, காற்று வாரியிறைத்த மணலில் வண்டி சறுக்கியது. நடக்கும் வேகந்தான். விழுபவன் தன்னையறியாமல் கையை ஊன்றுவான், நாமும் ஊன்றினோம். உள்ளங்கைகள் இரண்டும் உரிந்தன. இரண்டு வாரம் கோப்புகளில் கையொப்பமிட இயலவில்லை. சில ஊராட்சிகளின் பட்டியல் தொகை அந்த மாதம் தாமதமானதற்கு அதுவே காரணம் என்பதை இன்று ஒப்புக்கொள்ளுகின்றோம். விவசாயிக்கு உள்ளங்கை உரிந்தால் நாற்று நடவும் களை எடுப்பும் யார் செய்வது? உள்ளங்கையில் தோலும் புறங்கையில் வலையும் உள்ள கையுறை வெயிலுக்கு ஏற்றது. ஆஸ்திரேலியாவில் விபத்துக்குள்ளானவர்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், மோட்டார் சைக்கிள் கையுறை அணிந்தவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது பாதிக்கும் குறைவாக இருந்தது. கணுக்காலை மூடும் பூட்சு, மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யாததாயினும், சாதாரணக் காலணியைவிடப் பாதத்தை நன்கு காத்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. ரப்பர்ச் செருப்புடன் கியர் போடுவோர் இதைக் கவனிக்கக் கோருகின்றோம்.

தாய்மார்களுக்கு: பின்சக்கரத்தில் பாதியையேனும் மறைக்கும் சேலைக் காப்பு வண்டியில் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அழகுக்காக அதைக் கழற்றிவிடும் இளைஞர்களைக் கண்டியுங்கள். முந்தானையும் துப்பட்டாவும் செருகப்பட்டிருக்கட்டும். வேட்டியை மடித்துக் கட்டுவோரின் கெண்டைக்கால் புகைக்குழாயில் படுவதும் அடிக்கடி காண்பதே. நான்கு வயதுக்கு மேற்பட்ட எவர்க்கும் கவசம் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு அளவான கவசமும், ஓட்டுநருடன் பிணைக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. இவ்விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க இயலாதென்பது நமக்குத் தெரியும். முதலில் ஓட்டுபவர்க்கும் பின்னமர்பவர்க்கும் இரு கவசங்கள். ஒன்று வாங்கக் கருதியிருந்த உயர்ந்த விலைக் கவசத்துக்கு மாற்றாக, முத்திரையுள்ள எளிய கவசம் இரண்டு வாங்குவது மேல். அடுத்து பூட்சும் கையுறையும். அறுவடைப் பணம் கைக்கு வந்தபின் மேலங்கி. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்புக் கொக்கியையும் இழுப்பானையும் அரித்துவிடும். பிளாஸ்டிக் இழுப்பானே அங்கு உழைக்கும். வாரத்துக்கொருமுறை நல்ல தண்ணீரில் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

இப்போது வெளியே வேப்பமரத்தடியில் மேஜையொன்று போடச் செய்திருக்கிறோம். நாம் ஏமாந்து வாங்கிய அந்தப் போலிக் கவசமும், முத்திரை பெற்ற கவசம் ஒன்றும், குறுக்கே அறுத்து உட்புறம் தெரியும்படி வைத்த பழைய கவசம் ஒன்றும் அங்கே உள்ளன. அழுத்திப் பாருங்கள். தலையளவு எடுக்க நூலும் அளவுகோலும் நமது அலுவலக உதவியாளரிடம் இருக்கின்றன. கேள்வி கேட்ட உறுப்பினர் அவர்கள் முதலில் வந்து தலையைக் காட்டும்படி வேண்டுகிறோம்.