பள்ளியை மாற்றும் முன் அந்தத் தூரத்தை நடந்து பாருங்கள்



ஒரு தொடக்கப்பள்ளியை இடம் மாற்றுவதாகப் பேச்சு வந்தால் அதிகாரிகள் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், மாணவர் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறார்கள். 'இரண்டு கிலோமீட்டரில் பெரிய பள்ளி இருக்கிறதே' என்கிறார்கள். அந்த இரண்டு கிலோமீட்டரை நடக்கப் போவது யார்? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்கிறேன்.

நாம் கூடியிருக்கும் காவலூர், ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைச்சாலையில் இருக்கிறது. இதே ஜவ்வாது மலையில், புதூர்நாடு அருகே, 2022 ஏப்ரலில் கோயிலுக்குப் போன வேன் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட சாலைகளின் ஓரத்தில் ஆறு வயது மலையாளிப் பழங்குடிப் பிள்ளையை நடக்க விடுவதா?

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்துக்கு ஒன்றிய அரசு 2010இல் விதிகள் வகுத்தது. 1 முதல் 5 வகுப்பு வரை, நடந்து போகும் தூரமான 1 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கிறது 6ஆவது விதி. கரடுமுரடான நிலப்பகுதி, நிலச்சரிவு, வெள்ளம், வழியில் குழந்தைக்கு ஆபத்து என்றால் அந்தத் தூரத்தை இன்னும் குறைக்கச் சொல்கிறது. பள்ளியே இல்லாத சிறு குடியிருப்புகளுக்குத்தான் இலவச வாகனம். இருக்கும் பள்ளியை மூடிவிட்டு 'வேன் விடுகிறோம்' என்பது விதியைத் தலைகீழாகப் படிப்பது. வேனும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள்.

மலையை விட்டு இறங்கினால் இதில் சாதியும் சேர்ந்துகொள்கிறது. பல கிராமங்களில் சாலைக்கு ஒருபுறம் ஊர், மறுபுறம் சேரி. பள்ளி ஊருக்குள் போனால் சேரிப் பிள்ளை லாரிகளையும் கடக்க வேண்டும், ஊர்த்தெருவின் பார்வையையும் கடக்க வேண்டும். அந்தப் பயணத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பள்ளியைச் சேரிப் பக்கம் கட்டலாம் என்றால் மட்டும் 'எங்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை' என்று குரல் எழும். சாலை அதேதான், தூரமும் அதேதான். ஆகவே பாதுகாப்பு என்ற சொல் வரும்போதெல்லாம் 'யாருடைய பாதுகாப்பு?' என்று கேளுங்கள்.

ராஜாஜி ஆட்சியில் மூடப்பட்ட கிராமப் பள்ளிகளைக் காமராசர் திறந்தார். பள்ளி வீட்டருகே வந்ததால்தான் நம் தாத்தா பாட்டிகளில் பலர் எழுத்தைக் கண்டார்கள். அந்தத் தூரத்தை மறுபடி நீட்ட விடக் கூடாது.

நம் கோரிக்கைகள் எளியவை. கிராம சபையும் பள்ளி மேலாண்மைக் குழுவும் கூடாமல் எந்தப் பள்ளியையும் மாற்றக் கூடாது. ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் புதிய இடம்வரை, பள்ளி நேரத்தில், மழைக்காலத்திலும், அதிகாரிகள் பிள்ளைகளோடு நடந்து பார்க்க வேண்டும். வேகத்தடையும் நடைபாதையும் போட்ட பிறகே புதிய பள்ளி திறக்க வேண்டும். அதுவரை பழைய பள்ளி இயங்க வேண்டும்.

விண்மீன்களைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று இடம் தேடி வந்து, இதே காவலூரில் ஆய்வகம் கட்டியது இந்த நாடு. நம் பிள்ளைகளின் பள்ளிக்கும் அந்த அக்கறையோடு இடம் தேடட்டும்.