மார்பகப் புற்றில் ஒரு ஹார்மோனின் ஆணை

1895-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் ஜார்ஜ் பீட்ஸன், மார்பகப் புற்று முற்றிய ஒரு பெண்மணியின் சினைப்பைகளை அறுத்து நீக்கினார். கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை நீக்கினால் அது நெடுநாள் பால் தரும் என்று சில நாட்டு உழவர்கள் கண்டிருந்ததே அவருக்கு வழிகாட்டிற்று. சில மாதங்களில் கட்டி கரைந்தது. எங்கோ வயிற்றினுள் இருக்கும் உறுப்புக்கும் மார்பகத்துக் கட்டிக்கும் என்ன உறவு? ‘ஹார்மோன்’ என்ற சொல்லே 1905-இல்தான் பிறந்தது. பீட்ஸனால் விடை கூற இயலாமற்போனதில் வியப்பில்லை.

சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தோடு உடலெங்கும் செல்கிறது. ஆயினும் சில உறுப்புகளே அதற்குக் கட்டுப்படுகின்றன. சிக்காகோவில் எல்வுட் ஜென்ஸன், கதிரியக்க ஹைட்ரஜனை அடையாளமாகச் சேர்த்த ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குச் செலுத்தி, கருப்பை போன்ற உறுப்புகள் மட்டும் அதைப் பற்றி நிறுத்திக்கொள்வதைக் கண்டார். பற்றி நிறுத்துவது ஒரு புரதம். அதனை ‘ஏற்பி’ என்கிறோம்.

ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. இரண்டிரண்டாக இணைந்த ஏற்பிகள், உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. இழையில் தமக்குரிய எழுத்துவரிசையைத் தேடி அமர்கின்றன: ஐந்தெழுத்து, மூன்றெழுத்து இடைவெளி, மீண்டும் ஐந்தெழுத்து. அமர்ந்தால் மட்டும் போதாது. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் புரதங்களின் மீது நூற்கண்டு போலச் சுற்றப்பட்டுள்ளது. ‘ஃபாக்ஸ்-ஏ-1’ என்னும் புரதம் முன்னதாகவே அவ்விடத்தைத் திறந்து வைக்கிறது. பின்னர்த் துணைப் புரதங்கள் ஏற்பியின் மேல் வந்து கூடி, சுற்றைத் தளர்த்துகின்றன. அதன்பின்னரே ஜீனின் செய்தி படியெடுக்கப்படுகிறது. இங்ஙனம் தூண்டப்படுவனவற்றுள் உயிரணுவைப் பிளந்து பெருகச் செய்யும் ஜீன்களும் உண்டு. நல்ல உயிரணுவில் அளவோடு நடக்கும் இக்காரியம் புற்றணுவில் கட்டுக்கடங்காது போகிறது.

டமாக்ஸிஃபென் மருந்து ஏற்பியின் அதே குழிவில் புகுந்துகொள்கிறது. ஆனால் அதன் நீண்ட பக்கக்கிளை, துணைப் புரதங்கள் அமரவேண்டிய இடம் அடைபடும்படி செய்துவிடுகிறது. கருத்தடைக்கென 1960-களில் உருவாக்கப்பட்டு, அதற்குப் பயன்படாது போன மருந்து இது! கருப்பையில் அது ஓரளவு ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்ளும். எனவே மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு கண்டால் மருத்துவரிடம் உடனே சொல்லல் வேண்டும்.

அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் கைக்கு வரும் பரிசோதனை அறிக்கையில் ‘ஈ.ஆர்.’, ‘பி.ஆர்.’ என்ற எழுத்துகள் காணப்படும். முன்னது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. பின்னது புரோஜெஸ்டிரோன் ஏற்பி. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் ஆணையாலேயே பெரிதும் உண்டாவதாதலால், அந்த ஆணை நடைபெறுவதற்கு அது சாட்சி. இவற்றுள் ஒன்றேனும் இருப்பதாகத் தெரிந்தால்தான் இம்மாத்திரை பயன் தரும். மருத்துவர் பேசும் மொழி விளங்காவிடினும் இவ்விரண்டையும் கேட்டறியத் தயங்கவேண்டுவதில்லை.

மாத்திரையை நாள்தோறும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் உட்கொள்ளச் சொல்வது வழக்கம். கட்டி போய்விட்டதே என்றெண்ணியோ, ஊர் மாற்றலில் சீட்டு தொலைந்ததாலோ நிறுத்திவிடுவோர் உளர். எஞ்சிய புற்றணு எங்கேனும் ஒளிந்திருப்பின் அதன் ஏற்பி ஈஸ்ட்ரோஜனுக்காகக் காத்தே இருக்கும். மூட்டைமுடிச்சுக் கட்டும்போது அந்த அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்வோமாக.